தகட்டுக்குப் பின்னால்

முதல் கோட்டிங் காய்ந்துவிட்டதா என்று விரல் வைத்துப் பார்க்கக் கூடாது. ஸ்ப்ரே டப்பாவின் முதுகில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நிழலில் வைத்துத் தொடாமல் விட வேண்டுமாம், ஆனால் தொடாமல் எப்படித் தெரிந்துகொள்வது, ஓரத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் சுண்டுவிரலால் ஒற்றலாம் என்று ஒற்றினேன், ஒட்டவில்லை, ஆனால் ரேகை விழுந்துவிட்டது. வெள்ளி நிறத்தின் மேல் என் ரேகை. நாளைக்கு மோகன் மச்சான் எங்கள் காரின் பானட்டைத் தூக்கும்போது இது தெரியுமா, தெரியாது, அக்கா வீட்டுக்காரர் அவ்வளவு குனிகிற ஆள் இல்லை, குனிந்தாலும் அதற்குள் இரண்டாவது கோட்டிங் இதை மூடியிருக்கும், மூடினால் கீழே இருப்பது இல்லாமல் போய்விடுமா என்ன, இல்லை, நான் யோசிக்க வேண்டியது ரேகையைப் பற்றி அல்ல. அந்தச் சத்தத்தைப் பற்றி. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. மறுபக்கம் அடிப்பதற்காக இஞ்சின் கவரைத் திருப்பியபோது உள்ளே எதுவோ ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடியது, சர் என்று, முறத்தின் விளிம்பில் நாலு அரிசி நகர்வது போல. பள்ளிபாளையத்தில் வேறு எந்தக் கிழமையாக இருந்தாலும் எனக்கு அது கேட்டிருக்காது, தெரு முழுக்கத் தறி ஓடும், பக்கத்தில் இருப்பவனிடம் பேசவே கத்த வேண்டும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தறிகள் நிற்கின்றன, அதனால்தான் கேட்டது. அல்லது இவ்வளவு அமைதியில் காது தானாக ஏதாவது உண்டாக்கிக்கொள்கிறதா. மறுபடி சாய்த்தேன். இல்லை. இந்தப் பக்கம் சாய்த்தேன். இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்தேன், என் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்டது.

மணல்தான் என்றால் அது எப்படி உள்ளே போனது என்று எனக்குத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. காலையில் பானட்டைத் திறந்து நட்டுகளைக் கழற்றி, இஞ்சின் தலையில் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் இந்த டேப்பட் கவரை வெளியே எடுத்தேன், திறந்து கிடந்த இஞ்சின்மேல் துவைத்த துணி போட்டு மூடினேன், ஒரு தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கவரை ஊறவைத்துவிட்டு ஸ்ப்ரே வாங்கப் போனேன். பாதி ஷட்டர் திறந்திருந்த ஒரே ஒரு ஹார்டுவேர் கடையில் கெஞ்சி வாங்கி வருவதற்குள் அம்மா அதைத் தேய்த்து முடித்திருந்தாள். குழாயடியில் நாளைக்குக் கட்டுச்சோறு கிளறுவதற்கான அண்டாக்களைப் புளியும் சலித்த மணலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் கறுப்பாக ஒன்று ஊறிக்கொண்டிருக்கக் கண்டால் சும்மா இருப்பாளா. "கண்ணு, உன்ற சாமானையும் அண்டாவோட சேத்துத் தேச்சுப்போட்டேன். எத்தனை வருசத்து அழுக்கு, யப்பா. நீ உப்புத்தாள வெச்சுட்டு ராத்திரி வரைக்கும் தேச்சுட்டிருந்திருப்பே." மணைப்பலகையில் கவிழ்த்து வைத்திருந்தாள். பளபளவென்று இருந்தது, நான் ஒருநாளும் அப்படித் தேய்த்திருக்க முடியாது. நான் கேட்டேன், உள்ளே விட்டுத் தேய்ச்சியாம்மா. "பின்னே? உள்ள உட்டுத் தேய்க்காம? உள்ளதான் பிசுக்கு." அவள் விரல் நுனியெல்லாம் புளித்தண்ணீரில் சுருங்கி வெளுத்திருந்தது. இஞ்சினுக்குள்ளே மணல் போகக் கூடாதும்மா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நல்லாருக்குதும்மா என்றேன்.

கவரின் உட்புறத்தில் ஒரு தகடு உண்டு. மேலே தெறிக்கும் ஆயிலைத் தடுத்துக் கீழே அனுப்புவதற்காக, சின்ன ரிவிட்டுகள் வைத்து அடித்திருப்பார்கள், அதற்கும் கவருக்கும் நடுவே ஒரு விரல்கூடப் போகாத இடைவெளி, அங்கேதான் பழைய ஆயில் தார் மாதிரி இறுகிக் கிடக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் கவிழ்த்தேன். மணல் வந்தது. மறுபடி ஊற்றிக் கவிழ்த்தேன், கொஞ்சம் வந்தது, மறுபடி, வரவில்லை. வரவில்லை என்று பார்த்த பிறகுதான் காயவைத்து டேப் ஒட்டிப் பிரைமர் அடித்தேன், அப்படியென்றால் நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன், என் மனசாட்சிக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வெளியே வந்தது ஒட்டாத மணல். தாரில் ஒட்டிக்கொண்டது வராது. அது இப்போதைக்கு வராது, சூடான ஆயில் மேலே தெறித்துத் தெறித்துத் தார் இளகும்போது வரும், ஒவ்வொன்றாக உதிர்ந்து ஆயிலோடு கீழே இறங்கும், பம்ப் அதை உறிஞ்சிப் பேரிங்குக்கு அனுப்பும். ஆயில் படலத்தின் கனம் எவ்வளவு என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன், முழு மார்க், தலைமுடியைவிட மெல்லியது. மணல் தலைமுடியைவிடப் பெரியது. படித்தது இவ்வளவுதான். படிக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் இரண்டாவது கோட்டிங்கும் அடித்துவிட்டு இஞ்சின் சுத்தமாகிவிட்டது என்று தூங்கப் போயிருப்பேன்.

ஸ்ப்ரேயைக் குலுக்கினேன். உள்ளே இருக்கும் கோலி கடகடவென்று ஓடியது. ஒருவேளை அதுதானா, அப்போது இடது கையில் டப்பாவை வைத்திருந்தேனா, கவரைத் திருப்பும்போது டப்பாவும் சாய்ந்து கோலி உருண்டிருக்கும், அதுதான், அதேதான் என்று ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஆனால் டப்பா கீழே இருந்தது. படியின் ஓரத்தில், மூடி கழற்றி. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டு கையாலும் பிடித்துத்தான் திருப்பினேன், பெயின்ட் படாமல் விளிம்பில் பிடித்து. ஞாபகம் இருக்கிறது என்று தோன்றுவதும் ஞாபகமும் ஒன்றா. போன வருஷம் அக்காவின் நிச்சயத்தன்று, பஸ் சித்தோடு தாண்டியபோது எனக்கு ஞாபகம் வந்தது, அடுப்பை அணைக்கவில்லை என்று. பால் வைத்த அடுப்பு நீலமாக எரிவது கண்ணெதிரே தெரிந்தது. நான் சொல்லச் சொல்ல அப்பாவுக்கும் முகம் மாறி, தாம்பாளம் பழம் பூவோடு எல்லாரும் இறங்கித் திரும்பி வந்தோம். அடுப்பு அணைந்திருந்தது. நல்ல நேரம் முடிந்து போய்ச் சேர்ந்தோம், மோகன் மச்சானின் சித்தப்பா வாசலிலேயே, "வாங் வாங், பொண்ணு வூட்டுக்காரங்க நாளைக்குத்தான் வருவீங்கன்னு நெனச்சோமுங்" என்றார். அப்பா சிரித்தார். என் பெயரைச் சொல்லவில்லை, பஸ் கிடைக்கவில்லை என்றார். அந்த நீல நெருப்பை நான் எவ்வளவு தெளிவாகப் பார்த்தேனோ அவ்வளவு தெளிவாகத்தான் இந்தச் சத்தத்தையும் கேட்டிருக்கிறேன்.

மறுபடியும் போய் அதையே சொல்வதா. நாளைக்குக் காலை வெளிச்சம் வருவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும், தாளவாடிக்கு. நவமணி அக்காவுக்கு ஏழாம் மாதம், கட்டுச்சோறு கொண்டுபோய் வளையல் போட்டு, தலைப் பிரசவத்துக்கு நம் வண்டியில் கூட்டி வர வேண்டும், அதற்காகத்தான் அப்பா வண்டியே வாங்கினார் என்று சொல்லலாம், பழைய வண்டியானாலும் நம் வண்டி. தீபாவளிக்கு அதில் போயிருந்தபோது மச்சான் பானட்டைத் தூக்கி அவர்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டினார், "என்னங் மாமா, இஞ்சினு பணியாரச் சட்டியாட்டம் இருக்குது." எல்லாரும் சிரித்தார்கள், ஆயிலும் புழுதியும் படிந்து குழிகுழியாகக் கறுத்துப்போன இந்தக் கவர் பார்ப்பதற்கு அப்படித்தான் இருந்தது, அப்பாவும் சிரித்தார். கதவோரம் நின்றிருந்த அக்கா உள்ளே போய்விட்டாள். மச்சானிடம் அப்பா சொன்னது, "எங்க பூபதி இஞ்சினியருங், அடுத்தவாட்டி வரையில பாருங், புதுசாட்டப் பண்ணிருவான்." நாளைக்கு அந்த அடுத்தவாட்டி. மச்சான் தூக்குவார், தூக்காமல் இருக்க மாட்டார், அப்போது இது வெள்ளியாக மின்ன வேண்டும், அப்பா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நிற்பார், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டாவது கோட்டிங்கை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை, கை தானாக இடமும் வலமும் போனது, புகை மாதிரி வெள்ளி இறங்கி ரேகையை மூடியது, நன்றாகத்தான் இருந்தது, தின்னர் வாசத்தில் தொண்டை கசந்தது. பேரிங் உடனே போகாது. முதலில் சத்தம் வரும், டக் டக் என்று அடியிலிருந்து, கேட்கிற ஆளுக்கு அது போதும், ஓரம் கட்டி நிறுத்திவிடுவான். ஓட்டப்போவது அப்பா. முப்பது வருஷம் தறிக்கு நடுவில் நின்ற காது அவருடையது, குக்கர் விசில் அடித்தால் அம்மா போய்த் தோளைத் தொடுகிறாள். அடியில் டக் டக் என்று அடிப்பது அவருக்குக் கேட்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வரலாம், கேட்டால் சொல்லலாம், ஆனால் பண்ணாரி தாண்டித் திம்பம் மலையில் ஏறும்போது எல்லா வண்டியும் முதல் கியரில் கத்திக்கொண்டு போகும், லாரி முன்னே லாரி பின்னே, எனக்கே கேட்குமா. ஏறும்போது போனால்கூடப் பரவாயில்லை, நாங்கள்தான் இருப்போம். இறங்கும்போது அக்கா இருப்பாள். பின்சீட்டில், அம்மாவின் மேல் சாய்ந்து, இரண்டு கையிலும் வளையல் நிறைய, வயிற்றின் மேல் கை. இறக்கத்தில் இஞ்சின் இறுகி நின்றுபோனால் பிரேக் கல்லாகிவிடும், இரண்டு மூன்று தடவை மிதித்ததும் கால் கீழே போகாது, ஸ்டியரிங் திரும்பாமல் மொத்த பலமும் போட வேண்டும், கொண்டை ஊசி வளைவில், தடுப்புச் சுவரில் ஏற்கனவே யாரோ இடித்த இடம் வெள்ளையாகப் பெயர்ந்து இருக்குமே, அந்த இடம். அக்கா கத்த மாட்டாள். அவள் எதற்கும் கத்த மாட்டாள், கண்ணை மூடிக்கொள்வாள், நான் திரும்பிப் பார்ப்பேன், அவள் கண்ணை மூடியிருப்பாள், இல்லை, போதும். போதும். எழுந்து நின்றேன். கால் மரத்துப்போயிருந்தது. சாமி, இதற்குள் மணல் இருக்கக் கூடாது. ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான் கேட்டது பொய்யாக இருக்க வேண்டும், எப்போதும் போல.

தகட்டைப் பெயர்த்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். அதுதான் கஷ்டம், பெயர்த்தால் திரும்ப மாட்ட முடியாது, ரிவிட் ஒருதரம் பிடுங்கினால் அவ்வளவுதான், இறுக்கமில்லாமல் அடித்து வைத்தால் அதுவே கழன்று உள்ளே விழும், ஈரோட்டில் இன்றைக்கு ஒரு ஸ்பேர் கடையும் திறந்திருக்காது. பார்க்க வேண்டுமென்றால் வண்டி போகாது. வண்டி போக வேண்டுமென்றால் பார்க்கக் கூடாது. நடுவில் என் காது மட்டும்தான் இருக்கிறது, அதை நானே நம்பவில்லை. அப்பாவிடம் மெதுவாகச் சொல்லலாம் என்றால் அதுவும் இந்த வீட்டில் முடியாது. அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் சமையல்கட்டில் அம்மாவுக்குக் கேட்கும், அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மணல் என்று நான் கத்திச் சொன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். உள்ளே புளிக்காய்ச்சல் கொதிக்கிற வாசம் வந்தது, அவள் அதைக் கிண்டிக்கொண்டே யாரிடமோ போனில், "பையன் காலைலருந்து வண்டியோடயே கெடக்கறான், நானுங் கொஞ்சம் தேச்சுக் குடுத்தேன்" என்று சொல்வது கேட்டது. சந்தோஷமாகச் சொன்னாள்.

அப்பா வளையல் பெட்டியும் வாழைப்பழச் சீப்புமாக வந்தார். வந்ததும் கையிலிருந்ததைக் கீழே வைக்காமலே கவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அடேயப்பா. இதுல மூஞ்சியே தெரியும்போல இருக்குதே. நாளைக்கு மாப்ள என்ன பானட்டத் தூக்கறது, நானே தூக்கிக் காட்டறேன்." குனிந்து பார்த்தார், தொடவில்லை. நான் எழுந்து அவர் வலது காதுப் பக்கம் போய் நின்றேன், அந்தக் காது கொஞ்சம் தேவலை. அப்பா, என்றேன். என்ன என்று தலையை ஆட்டினார். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. அப்பா, நாளைக்கு இந்த வண்டி வேண்டாமுங்ப்பா. "என்ன?" வண்டி வேண்டாமுங்ப்பா. உள்ளே மணல் இருக்குது. நான் மணல் போட்டுத் தேய்ச்சுட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை, போகலாமா என்று காத்திருப்பது போல இருந்தது. அதற்குள் கரண்டியோடு அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். "அவன் எங்க தேச்சான்? நானுங்க தேச்சது. மணல் போட்டாத்தான பிசுக்கு போவுது. ஏன் கண்ணு, என்னாச்சு?"

அப்பா வளையல் பெட்டியைப் படியில் வைத்தார். கவரை விளிம்பில் பிடித்துத் தூக்கிக் காதோரம் வைத்துச் சாய்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கு இதெல்லாம் கேக்காது. உனக்குக் கேட்டுதா?"

"ஒரு தடவ கேட்டுதுங்ப்பா. அப்புறம் கேக்கல."

"இருக்குதா இல்லியா?"

"தெரியலீங்ப்பா. இல்லாமயும் இருக்கலாம்."

"நீ அன்னிக்கு அடுப்புன்னியே, அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான் என்று தோன்றியது. வேறு மாதிரி என்று சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை. "இருக்கலாமுங்ப்பா" என்றேன். அம்மா, "அதென்ன ரெண்டு மணல், அதுக்குப் போயி" என்று ஆரம்பித்தாள், அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். என்னையே பார்த்தார். அவர் காது கேட்காததால் பேசுகிறவன் வாயைத்தான் பார்ப்பார், கண்ணைப் பார்க்க மாட்டார், இப்போது கண்ணைப் பார்த்தார்.

"சரி, நீ ஓட்டறேன்னு வெச்சுக்க. இதுல நவமணிய ஏத்துவியா?"

"ஏத்த மாட்டேனுங்ப்பா."

யோசிக்காமல் வந்தது. அப்பா தலையை ஆட்டினார், கவரைச் செய்தித்தாளின் மேல் வைத்தார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், தெருவுக்கே கேட்கும். மாப்ள, வண்டி கொஞ்சம் வேலை வெச்சுருச்சுங், நாங்க பஸ்ஸுல வந்தர்றோமுங், என்று கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து மச்சான், "ஏனுங் மாமா, இஞ்சினுக்கும் ஏழாம் மாசமுங்களா" என்றார், பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அவர்களைவிடச் சத்தமாக. "நீங்க பஸ்ஸுல வாங்க மாமா, திரும்பறப்ப நம்ம வண்டிலயே எல்லாரையும் கொண்டாந்து உட்டர்றேன்." பெண்ணைக் கூட்டிப்போக வந்தவர்கள் மாப்பிள்ளை வண்டியில் ஏறி வருவது. அப்பா, "அப்படியே பண்ணுங் மாப்ள, ரொம்ப நல்லதுங்" என்றார். போனை அணைத்த பிறகும் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. அப்பா உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இனி மாட்டப்போவதில்லை என்று ஆன பிறகு பெயர்க்கலாம். ஸ்குரூ டிரைவரைத் தகட்டின் விளிம்பில் கொடுத்துச் சுத்தியால் தட்டினேன், ஈரப் பெயின்ட் உள்ளங்கையில் பிசுபிசுத்தது, அப்பா பார்க்கிறார், அம்மா கரண்டியோடு நிற்கிறாள், முதல் ரிவிட் நகரவில்லை. உள்ளே ஒன்றும் இல்லையென்றால். அப்பா கத்திக் கத்திச் சொன்னதும் சிரித்ததும் ஒன்றுமில்லாததற்கு என்றால். இன்னொரு நீல நெருப்பு, இன்னொரு தடவை நான், இந்தத் தடவை அவர் என்னைக் கேட்டு, என் கண்ணைப் பார்த்து நம்பியதற்கு. சாமி, மணல் இருக்க வேண்டும். காலையிலிருந்து இருக்கக் கூடாது என்று கேட்டவன்தான், இப்போது கேட்கிறேன், இருக்க வேண்டும், ஒரு சிட்டிகையாவது இருக்க வேண்டும். முதல் ரிவிட் டப்பென்று வந்தது, இரண்டாவது வந்தது, தகடு ஒரு பக்கம் வாய் திறந்தது, உள்ளே கறுப்பாகத் தார், மணல் தெரியவில்லை. கவிழ்த்துத் தட்டினேன். விழவில்லை. தகட்டை முழுதாக முறுக்கிப் பிடுங்கிவிட்டு மறுபடி தட்டினேன், தார் ஒரு பெரிய பொருக்காகப் பெயர்ந்து செய்தித்தாளில் விழுந்து உடைந்தது. உடைந்த இடமெல்லாம் மணல். எள்ளுருண்டையில் எள் மாதிரி அவ்வளவு நெருக்கமாக. அதிலிருந்து சர் என்று ஒரு கோடு பிரிந்து காகிதத்தின் மடிப்பில் ஓடியது, நான் கேட்ட அதே சத்தம்.

"பாத்தியா" என்றார் அப்பா அம்மாவிடம், பெருமையாக. "சொன்னான்ல." எழுந்து என் தோளில் கை வைத்தார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒரு நொடி இருந்தது. பிறகு அது விலகி, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இதுவரை நான் பயந்த எதுவும் உண்மையில் இருந்ததில்லை, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் தூங்க முடிந்தது. இது இருந்தது. நான் நினைத்த இடத்திலேயே, நினைத்ததைவிட அதிகமாக.

அம்மா குனிந்து ஒரு விரலால் அந்த மணலைத் தொட்டாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அண்டாவுக்குச் சலித்த மணல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கரண்டியிலிருந்து புளிக்காய்ச்சல் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை. இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தாள், நகக்கண்ணைப் பார்த்தாள்.

"கண்ணு" என்றாள், அப்பாவுக்குக் கேட்காத மாதிரி. "வேற எதுலயாச்சும் இருக்குமா?"

இந்த வீட்டில் அப்படிக் கேட்கிறவன் நான். ஒண்ணுமில்ல போ கண்ணு என்று சொல்கிறவள் அவள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.